வேலைக்கு ஏற்ற பூட்ஸ், கைக்கு அடங்கிய விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுமானத் தளத்திலோ பட்டறையிலோ கிடங்கிலோ நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள் சொந்தப் பணத்தில் பூட்ஸ் வாங்கப் போகும்போது கேட்கும் கேள்விகள் இவை. கட்டுமானத் தளங்களில் பாதுகாப்புப் பணி பார்ப்பவன் என்பதால் என்னிடம் இவை அடிக்கடி வருகின்றன. கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் தொழிலாளி, கம்பி கட்டுபவர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என யார் கேட்டாலும் முதல் கேள்வி விலை பற்றியதாகவே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் வேறு சிலவற்றைப் பேச வேண்டியிருக்கிறது.

கடைக்குப் போகும் முன் எதை முடிவு செய்துகொள்ள வேண்டும்?

உங்கள் வேலையில் காலுக்கு என்ன ஆபத்து வரும் என்பதை. மேலிருந்து கனமான பொருள் விழுமா? தரையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்குமா? தண்ணீரிலும் சிமெண்ட் கலவையிலும் நிற்க வேண்டுமா? எண்ணெய்த் தரையா, சூடான தரையா, மின்சார வேலையா?

பூட்ஸில் சேரும் ஒவ்வொரு பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு. கிடங்கில் அட்டைப் பெட்டி அடுக்குபவருக்கு 300 டிகிரி வெப்பம் தாங்கும் அடிப்பகுதி தேவையில்லை. சென்ட்ரிங் வேலை செய்பவருக்கு ஆணி துளைக்காத தகடு கட்டாயம் தேவை. தேவையில்லாததை விட்டுவிட்டால் மிச்சமாகும் பணத்தை நல்ல தோலுக்கும் நல்ல அடிப்பகுதிக்கும் கொடுக்கலாம். சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அளவில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் காலைக் கடிக்கும் பூட்ஸை யாரும் போட மாட்டார்கள். மூன்றாம் நாள் அது சாரத்தடியில் கிடக்கும், கால் மறுபடியும் ரப்பர் செருப்பில் இருக்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் போதுமா?

போதாது. ஆனால் அது இல்லாததை வாங்கவே கூடாது. பாதுகாப்புக் காலணிகளுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 15298. அதன் 2-ஆம் பகுதி, முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 20 கிலோ எடை விழுவதற்குச் சமம் அது. அத்துடன் 15 கிலோ நியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். 3-ஆம் பகுதியின்படி செய்த காலணியில் கவசம் 100 ஜூல் தாங்கினால் போதும். 4-ஆம் பகுதியில் வருபவற்றில் விரல் கவசமே கட்டாயமில்லை.

கட்டுமானத்துக்கும் கனரகத் தொழிற்சாலைக்கும் 2-ஆம் பகுதிதான் வேண்டும். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உரிமம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே இதைச் செய்யலாம். நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

எஸ் 1, எஸ் 1 பி, எஸ் 3 என்று எழுதியிருக்கிறதே, அவற்றுக்கு என்ன பொருள்?

எஸ்.பி. என்றால் அடிப்படை: விரல் கவசம் உண்டு, மற்றவை உறுதியில்லை. எஸ் 1 என்றால் குதிகால் பகுதி மூடியிருக்கும், நடக்கும் அதிர்வைக் குதிகால் உள்வாங்கும், உடலில் சேரும் நிலைமின்சாரம் மெல்லத் தரைக்கு இறங்கும். எஸ் 1 பி என்றால் இவற்றுடன் ஆணி துளைக்காத தகடும் சேரும். எஸ் 2 என்றால் எஸ் 1-இன் குணங்களுடன், மேல்தோல் தண்ணீரைச் சிறிது நேரமாவது உள்ளே விடாது. எஸ் 3 என்றால் இவை எல்லாமும் சேர்ந்து, அடியில் ஆழமான பள்ளங்களும் இருக்கும். எஸ் 4, எஸ் 5 ஆகியவை முழுக்க ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ வார்த்த கம்பூட்ஸ் வகை.

வறண்ட தரையுள்ள தொழிற்சாலைக்குள் எஸ் 1 தாராளமாகப் போதும். கட்டடத் தளத்தில் குறைந்தது எஸ் 1 பி, மழைக்காலத்திலும் மண் வேலையிலும் எஸ் 3. வழுக்காத தன்மைக்குத் தனிக் குறியீடு உண்டு. சோப்புத் தண்ணீர் ஊற்றிய ஓட்டுத் தரையிலும், கிளிசரின் தடவிய எஃகுத் தகட்டிலும் சோதித்துத் தேறியதை எஸ்.ஆர்.சி. என்று குறிப்பது வழக்கம். தரநிர்ணயத்தின் புதிய பதிப்புகளில் இந்தக் குறியீடு மாறியிருக்கிறது. எனவே எஸ்.ஆர். என்று மட்டும் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

இரும்புக் கவசம் நசுங்கி விரலை வெட்டிவிடும் என்கிறார்களே?

இந்தப் பேச்சு எல்லாத் தளங்களிலும் உலவுகிறது. இதை நம்பிக் கவசமில்லாத பூட்ஸ் வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கவசத்தையே மடக்கும் அளவுக்கு ஒரு பாரம் விழுந்தால், கவசம் இல்லாத காலில் மிஞ்சுவது எதுவும் இருக்காது. அன்றாடம் தளத்தில் விழுபவை செங்கல், ஜாக்கி, கம்பிக் கட்டின் முனை, சாரக் குழாய் போன்றவை. சேதம் பெரும்பாலும் விரல்களுக்கே. கவசம் அதற்காகத்தான் இருக்கிறது.

இரும்புக் கவசமா, பிளாஸ்டிக்கும் இழையும் சேர்த்துச் செய்த கலப்புப் பொருள் (காம்போசிட்) கவசமா என்றால் பட்ஜெட்டுக்கு இரும்பே சரி. விலை குறைவு, தடிமனும் குறைவு. கலப்புப் பொருளில் எடை குறைவு, வெயிலில் சூடேறாது, மெட்டல் டிடெக்டரில் சத்தம் வராது. ஆனால் விலை கூடுதல், முன்பக்கம் சற்றுப் பருமனாக இருக்கும். எதுவாக இருந்தாலும் ஒருமுறை பலமான அடி வாங்கிவிட்டால் அந்த ஜோடியை மாற்றிவிடுங்கள். மேலே தோலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே கவசம் வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம்.

அளவை எப்படிச் சரியாகப் பார்ப்பது? கடையில் சரியாக இருந்தது, வேலையில் கடிக்கிறது.

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. சாதாரண ஷூவின் தோல் நாளடைவில் காலுக்கேற்பக் கொஞ்சம் விரியும். விரல் கவசம் ஒரு மில்லிமீட்டர்கூட விரியாது. 'போடப் போட இளகிவிடும்' என்று கடைக்காரர் சொல்வது மேல்தோலுக்குப் பொருந்தும், கவசத்துக்குப் பொருந்தாது. முதல் நாள் சுண்டுவிரலை இடிக்கும் பூட்ஸ் கடைசி நாள் வரை இடிக்கும்.

மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும், வேலை நேரத்தில் உங்கள் கால் அந்த அளவில்தான் இருக்கும். வேலைக்குப் போடும் சாக்ஸையே எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் ஒரு தாளின் மேல் முழு எடையையும் வைத்து நின்று, யாரையாவது விட்டுப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். குதிகால் முதல் மிக நீண்ட விரல் வரையிலான நீளத்தையும், பாதத்தின் மிக அகலமான இடத்தையும் சென்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும்.

கடையில் இரண்டு கால்களிலும் போட்டு, நாடாவைக் கட்டி நில்லுங்கள். முன்பக்கம் கவசம் இருப்பதால் கட்டைவிரலை அமுக்கிப் பார்த்து இடம் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. நாடாவைத் தளர்த்திக் காலை முன்னே தள்ளி, விரல்கள் கவசத்தைத் தொடும்படி நில்லுங்கள். அப்போது குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். பிறகு நாடாவை இறுக்கி ஒரு படியிலோ சாய்வுப் பலகையிலோ இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் இடித்தால் அது சிறியது. ஏறும்போது குதிகால் நன்றாகத் தூக்கினால் பெரியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தும் பாருங்கள். நம் தளங்களில் பாதி வேலை குத்துக்காலிட்டுத்தான் நடக்கிறது. அப்போது கவசத்தின் பின்விளிம்பு விரல்களின் மேல்பக்கத்தை வெட்டுகிறதா என்பது தெரிந்துவிடும்.

இந்தியாவில் கிடைக்கும் பெரும்பாலான பூட்ஸ்களில் பிரிட்டிஷ் அளவெண்ணே இருக்கிறது. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பிய எண்ணும் சேர்ந்து அச்சிட்டிருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் 8 இன்னொரு நிறுவனத்தின் 8 போல இருக்காது.

நம் பாதத்தின் அகலம் பற்றி ஒரு சொல். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. அதைக் கொண்டே 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென ஓர் அளவு முறை முன்மொழியப்பட்டிருக்கிறது. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். அகலம் போதவில்லை என்பதற்காகப் பலர் ஓர் எண் பெரிதாக வாங்குகிறார்கள். அப்போது நீளம் கூடிவிடும், மடங்க வேண்டிய இடத்தில் பூட்ஸ் மடங்காது, சாரத்தில் ஏறும்போது முனை தடுக்கும். அதைவிட அகல வார்ப்பில் செய்த மாடலைக் கேட்டு வாங்குவது நல்லது. சில நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன. கிடைக்காவிட்டால் முனை கூராக இல்லாமல் உருண்டு பரந்திருக்கும் மாடலைத் தேடுங்கள்.

அடிப்பகுதியில் எது நல்லது: பி.வி.சி., பி.யூ., ரப்பர்?

மிக மலிவான பூட்ஸ்களில் இருப்பது பி.வி.சி. கனம் அதிகம், அதிர்வை உள்வாங்காது, எண்ணெய்த் தரையில் வழுக்கும். கான்கிரீட் தரையில் ஒரு நாள் முழுக்க நின்றால் முழங்காலும் இடுப்பும் அதைச் சொல்லிவிடும். நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க இதை வாங்கிவிட்டு முதுகுவலிக்கு மாத்திரை வாங்குவதில் கணக்கு எங்கே சரியாகிறது?

பெரும்பாலான வேலைகளுக்கு ஏற்றது பி.யூ., அதாவது பாலியூரிதேன். எடை குறைவு, மென்மை உண்டு, எண்ணெயையும் ஓரளவு தாங்கும். இரட்டை அடர்த்தி என்று குறிப்பிட்டதை வாங்குங்கள். காலை ஒட்டிய அடுக்கு மென்மையாகவும் தரையைத் தொடும் அடுக்கு கெட்டியாகவும் இருக்கும். கைக்கு அடங்கிய விலையில் இதைவிடச் சுகமானது கிடையாது.

பி.யூ.வுக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று வெப்பம். தார்ச்சாலை போடும் கலவை 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நிலையில் கொட்டப்படுகிறது. அதன்மேல் நடப்பவருக்கும், ஃபவுண்டரியில் நிற்பவருக்கும், வெல்டிங் செய்பவருக்கும் நைட்ரைல் ரப்பர் அடிப்பகுதிதான் சரி. எச்.ஆர்.ஓ. என்ற குறியீடு இருந்தால், 300 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தொட்டு நின்று சோதனையில் தேறியது என்று பொருள். கனமும் விலையும் கூடுதல், ஆனால் அந்த வேலைகளுக்கு மாற்று இல்லை.

இரண்டாவது பலவீனம் பலருக்குத் தெரிவதில்லை. பி.யூ. காற்றிலுள்ள ஈரத்தால் மெல்லச் சிதையும். பெட்டியை விட்டு வெளியே எடுக்காமல் வைத்திருந்தாலும் சிதையும். வெளியில் புதிது போல மின்னும் பூட்ஸ் போட்ட சில நாள்களில் அடிப்பகுதி பொலபொலவென்று உதிர்வது இதனால்தான். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். எனவே தயாரித்த தேதியைப் பாருங்கள். ஆண்டும் குறைந்தது எந்தக் காலாண்டு என்பதும் பூட்ஸிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. நாக்குப் பகுதியிலோ அடியிலோ கடிகார முகம் போன்ற வட்டக் குறியாகவோ இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழைய சரக்கு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடியிலுள்ள பள்ளங்களும் வேலைக்கேற்ப மாறும். மண்ணிலும் ஜல்லியிலும் ஆழமான, இடைவெளி விட்ட பள்ளங்கள் பிடிப்புத் தரும். வழவழப்பான பட்டறைத் தரைக்கு நெருக்கமான சிறு கோடுகளே நல்லது. ஏணி ஏறுபவர்கள் தட்டையான அடிப்பகுதியைத் தவிர்த்து, குதிகால் தனியாகத் தெரியும்படி இருப்பதை எடுக்க வேண்டும்.

ஆணித் தடுப்பு இரும்புத் தகடாக இருக்க வேண்டுமா, துணி வகையா?

இரண்டும் 1,100 நியூட்டன் விசையில் சோதிக்கப்படுபவை. சென்ட்ரிங் பலகைகளில் மெல்லிய ஆணிகள் நிறைய என்பதால் என் விருப்பம் இரும்புத் தகடு. மெல்லிய ஆணி துணி அடுக்கின் இழைகளை விலக்கிக்கொண்டு போகும் வாய்ப்பு அதிகம். துணி வகை வளைந்து கொடுக்கும், பாதம் முழுவதையும் மூடும், நீண்ட தூரம் நடப்பவர்களுக்குச் சுகம். தகடு இருந்தும் ஆணி ஏறிவிட்டால் காயத்தைச் சோப்பு நீரில் கழுவி, அன்றே டி.டி. ஊசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

தோல் எது, ரெக்சின் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் நம்மிடம் இருக்கும்போது, தோல் பார்த்து வாங்கத் தெரியாமல் ஏமாறுவது நியாயமில்லை. வெட்டிய விளிம்பு தெரியும் இடத்தைத் தேடுங்கள். நாக்கின் ஓரத்திலும் நாடாத் துளையிலும் தெரியும். உள்ளே நார் நாராக இருந்தால் தோல். துணி நெய்தது போலவோ, நுரை மேல் வண்ணப் படலம் ஒட்டியது போலவோ இருந்தால் ரெக்சின். விரலால் அமுக்கினால் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து மறையும். ரெக்சினில் ஒரு குழி மட்டும் விழும்.

தோலிலும் தரம் உண்டு. மேல்பக்கத் தோல்தான் வலுவானது. அதைச் சீவிய பின் மிஞ்சும் அடித்தோலுக்குப் பூச்சுப் போட்டு விற்பதும் தோல் என்ற பெயரிலேயே வருகிறது. மடியும் இடத்தில் அந்தப் பூச்சு ஆறு மாதத்தில் வெடித்து உரியும். பாதுகாப்புக் காலணி வியாபாரத்தில் பார்ட்டன் லெதர் என்று சொல்லக் கேட்பீர்கள். மேலே மணல் போன்ற அச்சுப் பதித்த தோல் அது. கீறல் விழுந்தாலும் தெரியாது, தள வேலைக்கு நன்றாக உழைக்கிறது. பட்ஜெட் விலையில் எனக்குப் பிடித்ததும் அதுவே. வலைத் துணி வைத்த விளையாட்டுக் காலணி போன்றவை காற்றோட்டமாக இருக்கும், கிடங்கு வேலைக்குப் போடலாம். தீப்பொறியும் சிமெண்டும் உள்ள இடத்தில் கூடாது.

எவ்வளவு செலவிடலாம்?

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, பி.யூ. அடிப்பகுதியும் தோலும் இரும்புக் கவசமும் கொண்ட எளிய பூட்ஸ் இன்று ஏறத்தாழ 900 ரூபாயில் தொடங்குகிறது. ஆணித் தடுப்பும் நல்ல தோலும் வேண்டுமென்றால் 1,300 முதல் 2,000 வரை ஆகும். அதற்கு மேல் போவது பெரும்பாலும் எடைக் குறைப்புக்கும் தோற்றத்துக்கும்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

விலையை மாதத்தால் வகுத்துப் பாருங்கள். 600 ரூபாய் பூட்ஸ் நான்கு மாதம் வந்தால் மாதம் 150. 1,500 ரூபாய் பூட்ஸ் ஓராண்டு வந்தால் மாதம் 125. ஒரே நேரத்தில் 1,500 எடுக்க முடியாது என்பது உண்மையான கஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் 1,000 ரூபாய்க்கு ஐ.எஸ்.ஐ. பூட்ஸும், 150 ரூபாய்க்கு நல்ல உள்பாதமும் (பூட்ஸுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் மெத்தை), இரண்டு ஜோடி சாக்ஸும் வாங்குங்கள். பிராண்டின் பெயருக்காகக் கூடுதல் கொடுத்து, அளவு பொருந்தாததை எடுப்பதைவிட இது மேல்.

எங்கே வாங்குவது? இணையத்தில் வாங்கலாமா?

முதல் ஜோடியைக் கடையில் வாங்குங்கள், போட்டுப் பார்க்க வேண்டும். சென்னையில் பாரிமுனைச் சுற்றுவட்டாரத்திலும் பெரியமேட்டிலும் கடைகள் உண்டு. மற்ற ஊர்களில் சிட்கோ, சிப்காட் பகுதிகளுக்கு அருகிலுள்ள ஹார்டுவேர் கடைகளில் விசாரியுங்கள். ஒரே தளத்திலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து போனால் மொத்த விலை பேசலாம். அதே நிறுவனம், அதே மாடல், அதே எண் என்று தெரிந்த பின் இரண்டாவது ஜோடியை இணையத்தில் வாங்கலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். அடிப்பகுதி சீக்கிரம் பிரிந்துவிட்டால் சில நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன, பில் இல்லாமல் பேச முடியாது.

கான்கிரீட் போடும்போது தோல் பூட்ஸ் போதுமா?

போதாது, இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அதன் பி.எச். அளவு 12-க்கும் மேல். காலில் பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம் கழித்து எரிச்சல் தெரியும்போது சதை வெந்திருக்கும். கலவையில் நிற்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழ் வரையாவது வரும் கம்பூட்ஸ் வேண்டும், விரல் கவசமும் ஆணித் தடுப்பும் உள்ள எஸ் 5 வகையாக இருந்தால் மிக நல்லது. பேன்ட்டைக் கம்பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே சொருகினால் தெறிக்கும் கலவை பூட்ஸின் வாய்வழியாக இறங்கி, பூட்ஸுக்குள் மணிக்கணக்கில் காலோடு ஒட்டிக்கிடக்கும். அப்படி இறங்கிவிட்டால் வேலை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

சிமெண்ட் தோல் பூட்ஸையும் தின்றுவிடும். தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை இழுத்து வறட்டி வெடிக்கச் செய்யும். மாலையில் ஈரத்துணியால் துடைத்தாலே ஆயுள் கூடும்.

வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தனியாக வேண்டுமா?

வெல்டருக்கு நாடா இல்லாத அல்லது நாடாவைத் தோல் மடிப்பு மூடிய, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ். பேன்ட் அதன் வெளியே தொங்க வேண்டும். தீப்பொறி உள்ளே விழுந்தால் ஓர் இழுப்பில் கழற்ற முடிய வேண்டும்.

எலக்ட்ரீஷியன்கள் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எஸ் 1-இல் சொன்ன நிலைமின்சாரத் தடுப்பு என்பது மின்சாரம் தாக்காமல் காப்பதல்ல. அது மின்னூட்டத்தைத் தரைக்கு மெல்ல விடுவது, ஏறக்குறைய எதிர்த் திசையிலான வேலை. மின்சார ஆபத்துக்கென்று வோல்ட் அளவு குறிப்பிட்டுச் சோதித்த காலணி தனியாக இருக்கிறது. அதையும் ஈரமாகிவிட்டால் நம்பக் கூடாது. இணைப்பைத் துண்டித்துப் பூட்டிவிட்டு வேலை செய்வதே முதல் பாதுகாப்பு.

புது பூட்ஸை எப்படிப் பழக்குவது?

வீட்டில் மாலை நேரங்களில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு அரை நாள் வேலைக்கு, பிறகு முழு நாள். தண்ணீரில் ஊறவைத்துப் போடுவது, அடுப்பருகே வைத்து இளக்குவது இரண்டும் தோலையும் பசையையும் கெடுக்கும். குதிகாலில் சிவந்தால் கொப்புளம் வரும் முன்பே பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

கால் வியர்த்து நாறுகிறது, விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. என்ன செய்ய?

நம் வெயிலில் இது எல்லோருக்கும் வரக்கூடியது, வெட்கப்பட ஒன்றுமில்லை. பருத்தியும் நைலானும் கலந்த தடித்த சாக்ஸ் வாங்குங்கள். தனிப் பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தனி நைலான் உறிஞ்சவே உறிஞ்சாது. மதியச் சாப்பாட்டு வேளையில் பூட்ஸைக் கழற்றிக் காலைக் காற்றாட விட்டு, உலர்ந்த சாக்ஸுக்கு மாறுங்கள். இரவில் உள்பாதத்தை வெளியே எடுத்து வையுங்கள். ஈரமானால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் உலர்த்துங்கள். உச்சி வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும், அடிப்பகுதியின் ஒட்டு விடும். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈரம் முழுதாக உலர ஒரு நாள் கிடைப்பதால் இரண்டுமே கூடுதல் காலம் வரும். விரல் இடுக்கில் வெடிப்பும் அரிப்பும் நீடித்தால் அது பூஞ்சைத் தொற்று, மருந்து தேவை.

சர்க்கரை நோய் இருக்கிறது. பாதுகாப்பு பூட்ஸ் போடலாமா?

போடலாம், ஆனால் மருத்துவரிடம் பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று சோதித்த பிறகு. உணர்ச்சி குறைந்த காலுக்கு பூட்ஸ் கடிப்பது தெரியாது, உள்ளே விழுந்த ஜல்லித் துண்டு தெரியாது. மாலையில் சாக்ஸில் ரத்தம் பார்த்த பிறகே தெரியும். போடும் முன் ஒவ்வொரு முறையும் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். தேளோ பூரானோ ஒளிந்திருந்தால் கண்டுபிடிக்கவும் இது நல்ல பழக்கம். மாலையில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டிருப்பீர்கள். நுண்ணறை ரப்பரில் செய்த அந்த மெத்தை, வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காப்பாற்றப் பயன்படுத்தியது. அதே ரப்பரில் உள்பாதம் வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அதை வைக்கும்போது உள்ளே உயரம் குறையும் என்பதால், அந்த உள்பாதத்துடனே பூட்ஸைப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

தேய்ந்த அடிப்பகுதியை மாற்ற முடியுமா? பழைய பூட்ஸ் வாங்கலாமா?

இன்று கிடைக்கும் பெரும்பாலானவை தோலின் மேல் பி.யூ.வை நேரடியாக வார்த்துச் செய்தவை. அவற்றுக்குப் புது அடிப்பகுதி போடுவது இயலாத காரியம். ஓரம் பிரிந்தால் ஒட்டித் தைக்கலாம், சில வாரம் ஓடும். ஆனால் அடியில் ஊசி இறக்கித் தைத்த இடத்தில் தண்ணீர் ஏறும். ஓரத்தில் ஒரு தோல்பட்டை வைத்து அதோடு அடிப்பகுதியைத் தைக்கும் வெல்ட் (welt) தையல் போட்ட பூட்ஸில் அடிப்பகுதியை மாற்றலாம், விலை வேறு மட்டத்தில் இருக்கும். பழைய பூட்ஸ் வேண்டாம். கவசம் அடி வாங்கியதா என்று தெரியாது, உள்பாதம் இன்னொருவர் காலின் அச்சில் அமுங்கியிருக்கும்.

பூட்ஸ் வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு இல்லையா?

முதலாளியின் பொறுப்புதான். பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கூலியில் பூட்ஸ் பணம் பிடித்தால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் முறையிடலாம். கொடுத்த பூட்ஸ் அளவு பொருந்தவில்லை என்றால் முதல் நாளே எழுத்தில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். ஆனால் மேஸ்திரியிடம் தினக்கூலிக்கு வருபவர்கள் கையில் எதுவும் வந்து சேர்வதில்லை என்பதையும் நான் தினமும் பார்க்கிறேன். இந்தப் பக்கத்தை எழுதியதே அவர்களுக்காகத்தான்.

பெண்களுக்கு ஏற்ற அளவு கிடைப்பதே இல்லையே?

தளங்களில் தலையில் கலவைச் சட்டி சுமந்து நடப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே ஆணியும் அதே ஜல்லியும் அவர்கள் காலடியில்தான் கிடக்கின்றன. அவர்கள் காலில் இருப்பதோ ரப்பர் செருப்பு. கடைகளில் 6-ஆம் எண்ணில் தொடங்கும் ஆண்கள் பூட்ஸை, சாக்ஸ் இரண்டு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அது தவறு. பெண்களின் பாதம் குதிகாலில் குறுகலாக இருக்கும், ஆண்கள் வார்ப்பில் செய்த பூட்ஸ் ஒவ்வோர் அடியிலும் நழுவும், சுமையுடன் சாய்வுப் பலகையில் ஏறுபவருக்கு அதுவே ஆபத்து.

பெண்கள் வார்ப்பில் 3 முதல் 7 வரை செய்யும் நிறுவனங்கள் இந்தியாவில் இருக்கின்றன. கடைக்காரர் அடுக்கி வைக்காததால் கண்ணில் படுவதில்லை. கேட்டால் வரவழைத்துத் தருவார்கள், அதுவும் ஒன்றுக்கு மேல் ஜோடி என்றால். தளத்திலுள்ள பெண்கள் எல்லோருடைய பாத அளவையும் ஒரே தாளில் சென்டிமீட்டரில் எழுதி, பொறியாளரிடமோ ஒப்பந்ததாரரிடமோ கொடுத்து ஒன்றாக ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். சேலையுடன் வேலை செய்பவர்களுக்கு நாடா இல்லாத, கணுக்காலுக்குக் கீழே முடியும் எஸ் 1 பி வகை எளிது. எடை குறைந்ததாகக் கேளுங்கள். ஏற்கெனவே தலையில் சுமை இருக்கிறது.